நாற்பது நிமிஷமும் ஒரு 'இல்லே'யும்

"நாற்பது நிமிஷம்! வெறும் நாற்பதே நிமிஷம்!"

போன மாதம் ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடி வந்தார். நான் ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். எது நாற்பது நிமிஷம் என்று கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லுவார் — கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அந்த அளவு அனுபவம் எனக்கு உண்டு.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மைசூரிலேயே பிறந்து வளர்ந்து, ரயில்வேயில் வேலை பார்த்து, ரிட்டயரும் ஆகிவிட்ட தமிழர் இவர். பழைய டைம்டேபிள் புத்தகங்களை இன்னும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார். ரயில் போதாதென்று இப்போது விமானத்துக்குத் தாவியிருக்கிறார். எந்த ஊர் ஏர்போர்ட்டுக்கும் எந்த ஊர் ஏர்போர்ட்டுக்கும் நடுவில் எத்தனை கிலோமீட்டர், பறந்தால் எத்தனை நிமிஷம்... இதைச் சொல்வதற்கென்றே இன்டர்நெட்டில் பக்கங்கள் இருக்கின்றனவாம். மற்றவர்கள் பேப்பர் பார்க்கிற மாதிரி இவர் தினமும் அதைப் பார்க்கிறார். எங்கேயாவது போகப் போகிறாரா? எங்கே! சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளத்தான்.

ஆனால் அன்றைக்குச் சும்மா பார்க்கவில்லை. காரணம், கோமதி.

கோமதி என் சித்தி பெண். கோயம்புத்தூரில் ஒரு ஸ்கூலில் கெமிஸ்ட்ரி டீச்சர். வயது ஐம்பத்தொன்று. புருஷன் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது, குழந்தைகள் இல்லை. முதல் நாள் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணியிருந்தாள். முதலில் ஊர் வெயிலைப் பற்றிப் பேசினாள். அப்புறம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அக்கா, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். எங்க ஸ்கூல் பிசிக்ஸ் சார். சிவக்குமார்னு பேரு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நோட்டீஸ் குடுத்தாச்சு."

நான் சோபாவில் உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்து நின்றேன். சந்தோஷத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

"மனோகர்கிட்ட சொன்னியாடி?"

மனோகர் அவளுடைய அண்ணன். அதே கோயம்புத்தூரில்தான் இருக்கிறான். ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து நாலு கிலோமீட்டரில் வீடு.

"சொன்னேன். அன்னிக்கு அவனுக்கு வேலை இருக்காம்."

என்ன வேலை என்று அவளும் கேட்டிருக்க மாட்டாள், நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன, ஏதாவது ஒரு வேலையைச் சொல்லியிருப்பான்.

"மூணு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்க்கா. எங்க டீச்சர்ஸ் ரெண்டு பேர் வர்றாங்க. மூணாவது ஆள் கிடைக்காம இல்லை. ஆனா நம்ம வீட்டு ஆளா ஒருத்தராவது வரணும். யாருமே இல்லாதவ மாதிரி போய் நின்னு என்னால கையெழுத்துப் போட முடியாதுக்கா. நம்ம பக்கம் யாரும் வரலைன்னா வேண்டாம்னு சொல்லிடுவேன். அவர்கிட்டயும் சொல்லியாச்சு. நீ வருவியா?"

இதற்குத்தான் மறுநாள் காலையில் இவர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். மைசூர் — கோயம்புத்தூர். ஆகாய வழியில் சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். பறக்கும் நேரம் நாற்பது நிமிஷம்.

அவ்வளவுதானா? அடுப்பை அணைத்துவிட்டு அப்போதே கோமதியைக் கூப்பிட்டேன்.

"நாற்பது நிமிஷம்தான்டி! இங்கே இட்லி சாப்பிட்டுட்டுக் கிளம்பினா, அந்த இட்லி செரிக்கிறதுக்குள்ள உன் பக்கத்துல வந்து நிப்பேன். நீ புடவை எடு."

அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

கல்யாணம் ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணிக்கு. அந்த வாரம் திங்கட்கிழமை இவருக்குக் கேட்டராக்ட் ஆபரேஷன். சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, விசாரிக்க வருகிறவர்களுக்குக் காபி... இந்தப் பரபரப்பில் டிக்கெட் விஷயம் எனக்குச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. சின்ன ஊர் விமானம்தானே, கடைசி நேரத்தில்கூடக் கிடைக்கும் என்று ஒரு அசட்டுத் தைரியம். மூடியது போக மீதியிருந்த ஒரு கண்ணால் இவர் போனில் தேடினார். தேடினார்... தேடிக்கொண்டே இருந்தார்.

"ஃபிளைட் இல்லை."

"நாளைக்கு இல்லையா?"

"இப்போதைக்கு எந்த நாளும் இல்லை. சென்னைக்குப் போய், அங்கேருந்து வேற ஃபிளைட் பிடிச்சா... நாளைக்குச் சாயங்காலம் கோயம்புத்தூர் போயிடலாம்."

"அப்புறம் எதுக்கு நாற்பது நிமிஷம்னு போட்டிருக்கான்?"

"பறந்தா அவ்வளவு நேரம் ஆகும்னுதான் போட்டிருக்கான். பறக்கும்னு போடலையே."

கண் ஆபரேஷன் ஆனவரைத் திட்டக்கூடாது என்று டாக்டர் எங்கேயும் எழுதித் தரவில்லை. நானாகத்தான் விட்டுவிட்டேன்.

சரி, ரோடுதான் வழி. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். சாம்ராஜ்நகர் தாண்டி, காட்டுக்குள் புகுந்து, திம்பம் மலையில் இருபத்தேழு வளைவு இறங்கி, சத்தியமங்கலம் வழியாகப் போக வேண்டும். யானை நடமாட்டம் உள்ள காடு. பொழுது சாய்ந்தபின் ரோட்டை மூடினால் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். ஆகவே விடியற்காலையில் கிளம்பினால்தான் உண்டு. இவரைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு மாதேஷுக்குப் போன் போட்டேன்.

மாதேஷ் சொந்த டாக்ஸி ஓட்டுகிறவர். முப்பத்தைந்து வயது. கௌதள்ளிக்காரர். ஹனூர் தாண்டி இருக்கிற ஊர் — தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வீட்டில் கொங்குச் சாயலில் தமிழ், ஸ்கூலில் முழுக்கக் கன்னடம். பதினைந்து வருஷமாக மைசூரில் வண்டி ஓட்டியதில் இரண்டும் அவர் வாயில் நன்றாகக் கலந்துவிட்டன. எந்த வார்த்தை எந்த மொழி என்று அவரும் பார்ப்பதில்லை, கேட்கிற நாங்களும் பார்ப்பதில்லை.

"கோயமுத்தூருங்களா? இல்லேதானுங்க. பதினோரு மணிக்கு முன்னால கொண்டுபோய் விட்டர்றனுங்க" என்றார்.

இந்த 'இல்லே'யை உங்களுக்கு விளக்கியாக வேண்டும்.

தமிழில் 'இல்லே' என்றால் இல்லை. சின்னக் குழந்தைக்கும் தெரியும். கன்னடத்தில் 'இல்லே' என்றால் — இங்கேயேதான், இதோ பக்கத்தில்தான் என்று அர்த்தம். எழுத்து ஒன்று, சத்தம் ஒன்று, அர்த்தம் மட்டும் நேர் எதிர்!

கல்யாணமாகி மைசூருக்கு வந்த புதிதில் பூ வாங்கலாம் என்று தனியாகத் தேவராஜ மொஹல்லா பக்கம் போனேன். எனக்குத் தெரிந்த ரெண்டே ரெண்டு கன்னட வார்த்தையை வைத்து ஒரு ஜட்கா வண்டிக்காரரிடம், "மார்க்கெட் எல்லி?" — அதாவது எங்கே — என்று கேட்டேன். அவர் முகவாயை லேசாக அசைத்து, "இல்லே" என்றார். அப்படியா என்று ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்றைக்கு மார்க்கெட் இல்லையாம் என்று இவரிடம் வேறு சொன்னேன். மார்க்கெட் என் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் இருந்திருக்கிறது. இவர் மூன்று நாள் சிரித்தார்.

இப்போது பழகிவிட்டது. 'இல்லே' என்றால் பத்தடியும் இருக்கலாம், பத்து மைலும் இருக்கலாம் என்பது வரை தெரியும். மாதேஷின் இல்லே கோயம்புத்தூர் வரை நீண்டது என்றால் பாருங்களேன்.

புதன்கிழமை அஞ்சேகாலுக்குக் கிளம்பினோம். நஞ்சன்கூடு தாண்டும்போது லேசாக வெளிச்சம் வந்தது. செக்போஸ்ட் திறந்த கொஞ்ச நேரத்தில் காட்டுக்குள் புகுந்துவிட்டோம். ஆசனூரில் ஒரு டீ. ஏழரைக்குத் திம்பம். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன் — பத்தரைக்குக் கோயம்புத்தூர், முகம் கழுவ ஒரு பத்து நிமிஷம், பட்டுப்புடவைக்கு மாற ஒரு கால் மணி. இப்படிக் கணக்குப் போடும்போதே தெரிந்திருக்க வேண்டாமா எனக்கு? வீட்டில் ஒருவர் கணக்குப் போட்டதன் பலனைத்தானே அனுபவித்துக்கொண்டிருந்தேன்!

ஏழெட்டு வளைவு இறங்கியதும் வண்டி நின்றது. முன்னால் ஒரு பத்து வண்டி, அதற்கு முன்னால் ஒரு பஸ், அதற்கு முன்னால் வளைவில் குறுக்கே ஒரு லாரி. கீழேயிருந்து ஏறி வந்த கர்நாடக லாரி. திரும்ப முடியாமல் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பஸ்காரர் சந்து கிடைக்கும் என்று மூக்கை நுழைத்திருக்கிறார். பஸ்ஸுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து அடைத்துக்கொண்டார்கள். கீழேயும் அதே கதைதான்.

எட்டு மணி ஆயிற்று. எட்டரை ஆயிற்று. ஆளாளுக்கு லாரியைச் சுற்றி நின்று கத்தினார்கள். போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. கோமதிக்கு மூன்று தடவை போட்டும் லைன் போகவில்லை. ட்ராஃபிக்கில் மாட்டியவள்தானே, லேட்டானால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். பதினோரு வருஷம் கழித்து ஒருத்தி துணிந்து ஒரு வாசலில் வந்து நிற்கிறாள். ஒரே ஒரு ஆள் வந்தால் போதும் என்கிறாள். அந்த ஒரே ஆள் நான்தான். மலை மேல் நிற்கிறேன்!

மாதேஷ் அதுவரை பேசாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கினார். எல்லோரும் லாரியை நோக்கிப் போக, இவர் எதிர்ப்பக்கமாக, மேலே நடந்தார்.

"எங்கே மாதேஷ் போறீங்க?"

"கடைசி வண்டிக்குங்க. முன்னால நிக்கறவனத் திட்டி என்னுங்க பண்றது? பஸ்ஸு பின்னால போகோணும்னா கடைசியில நிக்கறவன்தானுங்க மொதல்ல நகரோணும்."

முக்கால் மணி நேரமாக இது யாருக்கும் தோன்றவில்லை, பாருங்கள்.

கடைசி வண்டியிலிருந்து ஒவ்வொன்றாக நாலு நாலடி பின்னுக்கு எடுக்க வைத்துக்கொண்டே இறங்கி வந்தார். தமிழ்நாட்டு வண்டிக்குத் தமிழ், கர்நாடக வண்டிக்குக் கன்னடம். லாரிக்குக் கீழே நின்ற வண்டிகளையும் அப்படியே பின்னுக்கு எடுக்க வைத்தார். கடைசியில் பஸ்ஸும் லாரியும் மட்டும் மிச்சம். இங்கேதான் நிஜமான வேடிக்கை. பஸ் டிரைவருக்குக் கன்னடம் தெரியாது, லாரி டிரைவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ஒருவர் மேல் ஒருவருக்கு வந்திருந்த கோபம் மட்டும் மொழி தேவையில்லாமலே நன்றாகப் புரிந்திருந்தது.

"கண்ணு என்ன பொடனிலயா இருக்குது அவனுக்கு? கேளுய்யா!" என்றார் பஸ்காரர்.

மாதேஷ் லாரி பக்கம் திரும்பி அதைக் கன்னடத்தில் சொன்னார். எனக்குக் கன்னடம் தெரியும் என்பதால் புரிந்தது. அவர் சொன்னது இதுதான்: "அண்ணா, நீங்க சிரமப்படறதைப் பார்த்து அவருக்கு மனசு கஷ்டமா இருக்காம். கொஞ்சம் பின்னால வந்தா வழி விடறாராம்."

லாரிக்காரர் கன்னடத்தில் ஒன்று சொன்னார். பஸ்காரரின் தாத்தாவையும் அந்த ரோட்டையும் சேர்த்து ஏதோ ஒன்று. இங்கே எழுத முடியாது.

மாதேஷ் பஸ்காரரிடம் வந்தார். "பஸ்ஸுல பொம்பளைங்க, கொழந்தைங்க இருக்கறாங்க, மொதல்ல நீங்கதான் போகோணுங்கறாருங்க."

இரண்டு பேர் முகமும் கொஞ்சம் இளகியது. அப்புறம் மாதேஷ் வளைவின் விளிம்பில் நின்று, "ஹிந்தே... ஹிந்தே... சாக்கு, சாக்கு!" என்று கன்னடத்தில் லாரியையும், "பின்னால... பின்னால... போதும்!" என்று தமிழில் பஸ்ஸையும் ஒரே நேரத்தில் இழுத்தார். லாரி பாறையை விட்டுப் பிரிந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், சத்தமாக. எங்கள் டிரைவராக்கும் என்று பக்கத்தில் நின்ற அம்மாளிடம் சொல்லியும் கொண்டேன்.

எல்லாம் ஒழுங்காகி நகர பத்து மணி ஆகிவிட்டது. காரில் ஏறியதும் மாதேஷ் சொன்னார்: "அம்மா, நடுவுல தண்ணி குடிக்க வண்டிக்கு வந்தனுங்க. சார்ஜர்ல உங்க போன் அடிச்சுது. தங்கச்சிம்மாதானுங்க. பக்கத்துலதான் இருக்கறோம்னு சொல்லிப்போட்டனுங்க. அதுக்குள்ள லைன் கட்டாயிருச்சு."

அப்பாடா! அவளுக்குத் தகவல் போய்விட்டது. நான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பண்ணாரி வந்து சிக்னல் திரும்பியதும் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். கல்யாணப் பெண், போனை அணைத்து வைத்திருக்கிறாள் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். சத்தியமங்கலத்தில் சுவிட்ச் ஆஃப். அன்னூரில் சுவிட்ச் ஆஃப். கோயம்புத்தூருக்குள் நுழைந்து அந்த ஆபீஸ் வாசலுக்கு வந்தபோது பன்னிரண்டே முக்கால். பட்டுப்புடவையாவது ஒன்றாவது — வேர்த்து வழிந்த காட்டன் புடவையோடு இறங்கி ஓடினேன்.

வேப்பமரத்தடி பெஞ்சில் வெள்ளைச் சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பாலிதீன் கவர். உள்ளே இரண்டு மாலை. பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. போட்டோவில் பார்த்திருந்ததால் அடையாளம் தெரிந்தது.

"சிவக்குமார் சார்? நான் கோமதியோட அக்கா. மைசூர். கோமதி எங்கே?"

அவர் சட்டென்று எழுந்தார். "நீங்க... வந்துட்டீங்களா? அவங்க போனை அணைச்சுட்டு, பதினொன்றரை வரைக்கும் வாசலையே பார்த்தாங்க. அப்புறம், இன்னிக்கு வேண்டாம்னு வீட்டுக்குப் போயிட்டாங்க. நீங்க வரலைன்னு..."

"யார் சொன்னது?"

"ஒன்பதரைக்குப் போன் பண்ணியிருக்காங்க. உங்க டிரைவர்தான் எடுத்தாராம். அக்கா வர்றாங்களா, இல்லையான்னு கேட்டிருக்காங்க."

பின்னாலேயே ஓடி வந்திருந்த மாதேஷ் பதறிப் போனார். "ஐயோ, நான் இல்லேன்னுதானுங்க சொன்னேன்!"

"அதைத்தாங்க அவங்களும் சொன்னாங்க" என்றார் சிவக்குமார்.

எனக்குத் தலையில் யாரோ குட்டிய மாதிரி இருந்தது. மார்க்கெட் இல்லை என்று வீட்டுக்குத் திரும்பியவள் நான். அக்கா இல்லை என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டாள் தங்கை! மலை மேல் இரண்டு மொழியில் அத்தனை வண்டிகளை அவிழ்த்துவிட்ட அதே நாக்கு, போனில் ஒரே ஒரு வார்த்தையில் இங்கே முடிச்சுப் போட்டுவிட்டது.

விளக்கிச் சொன்னேன். சிவக்குமார் முதலில் விழித்தார், பிறகு சிரித்தார்.

"அவங்கதான் போயிட்டாங்களே, நீங்க ஏன் சார் இன்னும் உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"டோக்கன் ஒன்றரை வரைக்கும் செல்லுங்க" என்றார். கையைத் திறந்து காட்டினார். மடித்து மடித்து அந்தச் சீட்டு ஈரமாகியிருந்தது.

அந்த நிமிஷமே எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. ஏன் போகிறாய் என்று அவளிடம் கேட்கவில்லை, இரு என்று கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனால் இடத்தை விட்டு எழுந்தும் போகவில்லை. இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்?

ஒன்றரைக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. ஆமாம், சரியாக நாற்பது! அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு கோமதி வீட்டுக்கு வண்டியை விட்டோம். இரண்டு சிக்னல், ஒரு பாலம். மாதேஷ் வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டே ஓட்டினார்.

கதவைத் திறந்தவள் பழைய நைட்டியில் இருந்தாள். கையெல்லாம் தோசை மாவு. பட்டுப்புடவை நாற்காலியில் மடித்துக் கிடந்தது.

"அக்கா! நீ வரலைன்னு..."

"இல்லேன்னா கன்னடத்துல இங்கேதான் இருக்கோம்னு அர்த்தம்டி! கையைக் கழுவு!"

அவளுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மாவுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம். நான் எதற்கும் அழாதவள் என்று இந்தப் பக்கத்தில் பல தடவை பெருமை அடித்திருக்கிறேன், அதை இன்றோடு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

புடவை சுற்ற எட்டு நிமிஷம். "பூ எங்கேடி? வாடிப் போச்சுன்னு தூக்கிப் போட்டுட்டியா?" என்று கேட்டேன்.

அவள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஈரத்துணியில் சுற்றி, பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் மல்லிகைச் சரம். பதினொரு வருஷத்துக்குப் பிறகு தலையில் வைத்து, இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட்ட பூ.

"தூக்கிப் போட மனசு வரலைக்கா. எப்பவாச்சும் நீ வருவேன்னு..."

வேறு யாராவது என்றால் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார்கள். இவள் மறுநாள் தோசைக்கு மாவும் கரைத்து, பூவையும் எடுத்து வைத்திருக்கிறாள். இந்தத் தைரியத்தை எனக்குக் கொஞ்சம் கடனாகக் கொடேன் என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

ஒன்று இருபதுக்கு ஆபீஸ். எல்லோரும் வரிசையாக நின்றோம். அங்கேயும் ஒரு சங்கடம். சாட்சிக்கு வந்த இரண்டு டீச்சர்களில் ஒருவர் மத்தியான கிளாஸுக்குப் போய்விட்டார். மூன்று கையெழுத்தில் ஒன்று குறைகிறது. கிளார்க் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

கோமதி திரும்பிப் பார்த்தாள். கதவோரம் குற்றவாளி மாதிரி நின்றிருந்த மாதேஷிடம் போனாள்.

"அண்ணா, நீங்க போடறீங்களா?"

"நானுங்களா? என்னாலதானேம்மா இத்தன கஷ்டமும்..."

"மைசூர்லேருந்து என் அக்காவைக் கூட்டிட்டு வந்தது யாரு? நம்ம வீட்டு ஆள்தான். வாங்கண்ணா."

மாதேஷ் டிரைவிங் லைசென்ஸை எடுத்துக் கொடுத்தார். பேனாவை வாங்கிப் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டார். வட்டம் வட்டமாக, அழகான எழுத்து. கிளார்க் அம்மா நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன எழுத்துங்க?"

"கன்னடங்க. எங்கூட்டுல பேச்சு தமிழு, எழுத்து கன்னடமுங்க."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார். மாலை மாற்றும்போது மணி ஒன்று இருபத்தொன்பது. இந்த நேரத்தை எங்கள் வீட்டுக்காரருக்காகவே குறித்து வைத்தேன்.

திரும்பி வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்புக் கண்ணாடியோடு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "ஆக மொத்தம் ஏழரை மணி நேரம் ஆயிருக்கு, ரோட்டில் இருநூறு கிலோமீட்டர்" என்றார். அவ்வளவுதானா என்று கோபமாக ஏறிட்டுப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆபரேஷன் ஆகாத கண்ணிலும் தண்ணீர் இருந்தது.

"மனோகர் வீட்டிலிருந்து அந்த ஆபீஸ் எவ்வளவு தூரம்னு சொன்னே?"

"நாலு கிலோமீட்டர்."

"அதுக்கு எவ்வளவு நேரம்னு அந்தப் பக்கத்துல போட மாட்டான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இந்த மனிதரோடு இருபத்தொன்பது வருஷம் ஓடியதற்கு இப்படி எப்போதாவது ஒரு வாக்கியம்தான் காரணம்.

போன ஞாயிற்றுக்கிழமை கோமதி பேசினாள். குரலில் ஒரே குதூகலம். ஒருவழியாக மனோகர் அவளுக்குப் போன் பண்ணினானாம். சுற்றி வளைத்து ஏதேதோ பேசிவிட்டு, "என் மேல கோபம் ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டானாம்.

"நீ என்னடி சொன்னே?"

"இல்லேன்னு சொன்னேன்."

"தமிழ்லயா, கன்னடத்துலயா?"

சிரிக்கிறாளே தவிர, சொல்ல மாட்டேன் என்கிறாள்!